கயிறு ஆட்டினால்தான் மேயும்

எனக்கு வயது எழுபத்து நான்கு. வளர்த்தது ஏழு பேரை. ஐந்து நான் பெற்றது, இரண்டு என் கொழுந்தனார் விட்டுப்போனது. ஏழும் இன்று தனித்தனி அடுப்பு வைத்து நன்றாகவே இருக்கின்றன. இதை முதலில் எழுதுவது பெருமைக்குத்தான், வேறெதற்கும் இல்லை. நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டி எழுதுவேன். எழுதியதைத் திரும்பப் படிக்கத்தான் கண்ணும் புத்தியும் ஒத்துழைக்காது. அவசரம் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதினால் போதும்.

பிறந்த ஊரை விட்டு வந்த பிறகு நான் வெளியூரில் தங்கினது என்றால் மகள்களின் பிரசவத்துக்கும் உறவில் யாராவது செத்ததற்கும்தான். ஓய்வு எடுக்க என்று போய்த் தங்கினது ஒரே ஒரு தடவை. ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு, இரண்டு ராத்திரி. அதிலும் ஓய்வு கிடைக்கவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் ஊர் கருமத்தம்பட்டிக்குக் கிழக்கே. இது நடந்து சில மாசம்தான் ஆகிறது, ஊரில் நாலு வீட்டுக்குக் கேபிள் டி.வி. வந்திருந்த சமயம். கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய்த் தோட்டம் காய்ந்துவிட்டது. தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் விசைத்தறி ஓட ஆரம்பித்திருந்தது. நான் மூன்றாவது மகனோடு இருக்கிறேன். வீட்டுக்காரர் போய் நாலு வருசம் ஆகியிருந்தது. மாட்டுச் சாளையில் மிச்சம் நின்றது ஒரே ஒரு சாம்பல்நிற மயிலைப் பசு. பத்து ஈத்து ஈன்றது. பால் வற்றி இரண்டு வருசம்.

ஒரு நாள் காலையில் மகன் சாளைக்குள் நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தான்.

"ஏனுங்ம்மா, சாளைய எடுத்துப்போட்டு நாலு தறி போட்டுக்கலாம்னு இருக்கறனுங்க."

"போட்டுக்க சாமி. மாடு எங்க நிக்கும்?"

அவன் நூலையே பார்த்துக்கொண்டு சொன்னான். "தரகர்கிட்டச் சொல்லியிருக்கறனுங்க."

பால் வற்றின மாட்டைத் தரகர் எங்கே கொண்டுபோவார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். பொள்ளாச்சிச் சந்தை, அங்கிருந்து லாரி, அப்புறம் கத்தி.

"அதைய அவங்கிட்டக் குடுக்கற அன்னைக்கு என்னையும் சேத்து லாரில ஏத்தியுடு" என்றேன்.

"நீங்க ஏறுனீங்கன்னா தரகர் லாரியவே விட்டுப்போட்டு ஓடிருவாருங்க" என்றான். சிரிக்கவைக்கத்தான் சொன்னான். நான் சிரிக்கவில்லை. மூன்று நாள் அவனோடு பேசவும் இல்லை.

ஆனைமலைத் தோப்பைப் பற்றிச் சொன்னது என் மருமகள். அவளுடைய பிறந்த ஊர் அந்தப் பக்கம். தெலுங்கு பேசுகிற மில்லுக்காரர் ஒருவர், சிங்காநல்லூர்ப் பக்கம் இருந்த மில்லைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு வந்து, தன் தோப்பில் வயசான மாடுகளை வைத்துக் காப்பாற்றுகிறார். அங்கே பால் கறப்பதில்லை, விற்பதில்லை, கட்டிப்போடுவதும் இல்லை. ஆனால் மாட்டை இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிட முடியாது. கொண்டுவந்தவர் இரண்டு ராத்திரி அங்கேயே தங்க வேண்டும். அதற்காகவே நாலு அறை கட்டி வைத்திருக்கிறார். காற்று வாங்க வருகிற டவுன்காரர்களும் அதில் தங்குவதுண்டு. மூன்றாம் நாள் காலைக்குள் மாடு தீனி எடுத்தால் அங்கே இருக்கலாம், எடுக்காவிட்டால் வந்தவரே திருப்பிக் கூட்டிப்போக வேண்டும். முன்னால் ஒரு ஜோடிக் காளை ஏக்கத்தில் வாய் வைக்காமலே கிடந்து செத்துப்போனதாம். இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால் ஆகாது என்று சொல்லியிருக்கிறார்.

"நல்லதாப் போச்சுங்க, நீங்களும் ரெண்டு நாளு ரெஸ்ட் எடுங்க" என்றான் மகன். டெம்போவில் ஏறும்போதுதான் மீதியைச் சொன்னான். "மூணா நாள் காலைல வாரனுங்க. அன்னைக்குப் பொள்ளாச்சில சந்தை. திங்கலீன்னா அப்படியே அங்க எறக்கியுட்டுட்டு வந்தரலாமுங்க. மறுபடியும் ஊட்டுக்குக் கொண்டாந்தா நிறுத்த எடமில்லீங்க."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? சாளையின் கூரையை அன்றைக்கே பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பொள்ளாச்சி தாண்டினதும் காற்று மாறியது. மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிற பஸ்களில் கூட்டம் தொங்கியது. நான் டெம்போவின் பின்னால் மாட்டோடுதான் நின்று போனேன். முன்னால் உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். இறங்கும்போது முழங்கால் இரண்டும் என்னுடையதாக இல்லை.

தோப்பு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும், இடுப்பில் சேலையைச் செருகி, கையில் சாணிக் கூடை. அங்கே மாடுகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

"கயித்த அவுத்துருங்கம்மா. இங்க ஆருக்கும் கயிறு இல்லை" என்றாள்.

கழுத்துக் கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்த்ததும் என் கை அதுபாட்டுக்கு முந்தானையால் துடைத்து, நாலு சுற்றுச் சுற்றி, துணிப்பைக்குள் வைத்துவிட்டது. நான் நினைத்துச் செய்யவில்லை. எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்துதான் பிடித்துப்போக வேண்டும். கயிறு போனால் அதைப் பிடித்துக்கொண்டே வீட்டுச் செல்வமும் போய்விடும் என்பார்கள். எங்கள் வீட்டுச் சாமி அறைக்கு வெளியே ஓர் ஆணியில் ஒன்பது கயிறுகள் தொங்குகின்றன. அதில் இரண்டு என் மாமியார் காலத்தவை. மற்ற ஏழும் என் கை அவிழ்த்தவை.

அந்தப் பெண் பார்த்துவிட்டாள். "அதென்னுங்கம்மா, மாட்டக் குடுத்துப்போட்டு கயித்த ஒளிச்சு வெக்கறீங்க?"

"எங்கூட்டு வழக்கம் அது."

"ஓ. சாணி அள்றது எங்களுக்கு, லச்சுமி மட்டும் உங்களுக்கா!" என்று சொல்லிவிட்டுக் கூடையோடு போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

அறை நன்றாகத்தான் இருந்தது. ஓட்டுக் கூரை, இரும்புக் கட்டில், மெத்தை, மண்பானையில் தண்ணீர். ஜன்னலைத் திறந்தால் மலை. மெத்தை எனக்குச் சரிப்படாது, கீழே பாயை விரித்துக்கொண்டேன். காப்பி வந்தது. பார்த்தால் கறுப்பாக இருந்தது. தோப்பில் கண்ணுக்கு எட்டின வரைக்கும் மாடு, ஆனால் காப்பிக்குப் பால் இல்லை. இருக்கிற சொட்டுப் பாலும் கன்றுகளுக்குத்தானாம்.

அடுத்த அறை வாசலில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டைச் சேர்ந்த ஒரு பாய். வெங்காய மண்டியிலிருந்து கடைகளுக்கு மூட்டை இழுத்த குதிரையை விட்டுப்போக வந்திருந்தார்.

"இத்தன மாட்டுக்கு நடுவுல உக்காந்து வறக்காப்பி குடிக்கறது நம்ம ரெண்டு பேருதானுங்க்கா" என்றார்.

"நீங்க எத்தன நாளாச்சுங்க பாய்?"

"இன்னைக்குத்தானுங்க. இருவது வருசம் கூட இருந்த குதிரைங்க. பிரிஞ்சு இருக்குமா, அழுகுமான்னு ராத்திரியெல்லாந் தூங்கலீங்க. எறங்குன ஒடனே புல்லுல தலைய வெச்சதுதான். திரும்பி ஒரு பார்வை பாக்கோணுமே! ஆருடா நீங்கற மாதிரி நிக்குதுங்க."

நான் எட்டிப் பார்த்தேன். குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கொஞ்ச தூரத்தில் என் மயிலைப் பசு, இறக்கிவிட்ட அதே இடத்தில், காலைக்கூட மாற்றி வைக்காமல் நின்றது. காலடியில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம். எங்கள் ஊரில் அந்தப் புல்லைப் பார்த்துப் பல வருசம். வாயை வைக்கவில்லை.

வண்டியில் வந்த அசதி, பொழுது சாயத் திங்கும் என்று நினைத்தேன். திங்கவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். தொட்டித் தண்ணீரைக் குடித்திருந்தது, அவ்வளவுதான். சோளத்தட்டை வெட்டிப் போட்டார்கள், முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டது. நானே புல்லைப் பறித்து வாயருகே நீட்டினேன். என் கையை நக்கியது, புல்லைத் தொடவில்லை. வயிற்றோரம் குழி விழ ஆரம்பித்துவிட்டது.

மில்லுக்காரர் வந்தார். மெலிந்த மனிதர், வேட்டியும் ரப்பர் செருப்பும். மாட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"நாளைக்குக் காலை வரைக்கும் பாக்கலாம்மா" என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க."

அன்றைக்குக் கோயம்புத்தூரிலிருந்து குழந்தைகளோடு ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்தக் குழந்தைகள் மாட்டுக்கு வாழைப்பழம் நீட்டின. மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அது அப்பிடித்தான் கண்ணு. அடுத்தவங்க குடுத்தா வாங்காது" என்றேன்.

பாய் தூரத்தில் இருந்து சொன்னார், "உங்களாட்டமேதானுங்க்கா. நேத்து காப்பிக்கு நாங் குடுத்த வர்க்கி ரொட்டிய நீங்களும் வாங்கலையே!"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கால் தள்ளாடி அங்கேயே ஒரு தென்னையடியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதது மாடு மட்டும் இல்லை. பாய் வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். எப்படி வளர்த்தீர்கள் இதை என்று கேட்டார். கேட்டால் சொல்லாமல் இருப்பேனா? என் மாட்டைப் பற்றிப் பேச எனக்கு வலிக்காது.

எங்கள் ஊரில் மேய்ச்சல் காடு கிடையாது. தோட்டத்து வரப்புதான். ஒரு முழ அகல வரப்பு, இந்தப் பக்கம் ஒருத்தர் சோளம், அந்தப் பக்கம் ஒருத்தர் பருத்தி. மாடு தலையைத் திருப்பி ஒரு வாய் கடித்தால் போதும், மூன்று தலைமுறைக்குச் சண்டை. அதனால் கன்றிலேயே பழக்குவோம். கயிறு கையில் இருக்கும். கயிற்றைத் தளர்த்தி இரண்டு ஆட்டு ஆட்டினால் மேயலாம். சாளைக்குள் போடுகிற தீனியைத் தவிர, ஆட்டாத வரைக்கும் எதையும் தொடக்கூடாது. தொட்டால் மூஞ்சியில் ஒரு அடி. ஒரு மாசம் அடி வாங்கினால் கன்றுக்குப் புரிந்துவிடும். என் மாடு அதில் எல்லாவற்றுக்கும் மேலே. பதினாலு வருசத்தில் அடுத்தவர் காட்டில் ஒரு தழையைக் கடித்ததில்லை.

"ஊருல வேணும்னா கேட்டுப் பாருங்க பாய். கயிறு ஆட்டாம அது வாயத் தொறக்கவே..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"என்னங்க்கா?"

"ஒண்ணுமில்லீங்க."

அந்த மாட்டுக்கு இந்தத் தோப்பு முழுவதும் அடுத்தவர் காடு. அத்தனை புல்லும் அடுத்தவர் புல். மேயலாம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கயிறு என் பைக்குள் இருக்கிறது.

இதற்கு அப்புறம் நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். எனக்குக் காரணம் தெரிந்தது நடுமத்தியானம். கயிற்றை எடுத்துக்கொண்டு நான் போகவில்லை. பொழுது சாயும் வரைக்கும் அறையில் பாயில் படுத்துக் கிடந்தேன். பை தலைமாட்டில் இருந்தது. கயிற்றைப் போட்டுவிட்டால் அங்கேயேதான் விட்டுவிட்டு வர வேண்டும். சாளையைப் பிரித்தாயிற்று. எங்கள் வீடு மாடு கட்டின வீடு என்பதற்கு அந்த ஆணிதான் மிச்சம். நாளைக்கு மகன் போடுகிற தறி ஓடாமல் நின்றால், கயிற்றைக் கொடுத்துவிட்டு வந்தவள் என்று என் பேர்தான் வரும். யாரும் சொல்லாவிட்டாலும் நான் சொல்லிக்கொள்வேன். இதை எல்லாம் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு, தெரிந்தே ஒரு நேரம் அந்த மாட்டைப் பட்டினி போட்டேன். ஏழு பேரில் ஒருத்தரைக்கூட நான் பட்டினி போட்டதில்லை.

அசதி என்று சொல்லிக்கொள்ளலாம். அசதியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அது மட்டும் இல்லை.

மனசு தேறியபோது இருட்டிவிட்டது, மூன்றாம் நாள் விடிந்ததும்தான் பையோடு போனேன். மாடு இப்போது நிற்கவில்லை, படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ள இரண்டு தடவை முயற்சி செய்தது. கயிற்றைக் கழுத்தில் போட்டேன். மில்லுக்காரர் அங்கேதான் நின்றிருந்தார்.

"இங்க மாட்டக் கட்டறதில்லம்மா."

"கட்டலீங்க. சும்மா கைல புடிக்கறனுங்க."

கயிற்றைத் தளர்த்தி இரண்டு ஆட்டு ஆட்டினேன். மாடு குனிந்தது. சரக் என்று முதல் வாய் புல் அறுபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் நிறுத்தாமல் சரக் சரக் என்று. மில்லுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். திரும்ப மாட்டிக்கொண்டு கேட்டார், "நீங்க போயிட்டீங்கன்னா?"

அதுதான் கேள்வி. அந்தச் சாணிக் கூடைப் பெண்ணைக் கூப்பிட்டு அவள் கையில் கயிற்றைக் கொடுத்தேன். மாடு தலையைத் தூக்கிவிட்டது. அவள் ஆட்டினாள். மாடு அவளையே பார்த்தது, அவளும் மாட்டையே பார்த்தாள்.

"தின்னு சாமி, தின்னு. தின்னு தொலையேன்! உன்ற ஊட்டம்மா மூஞ்சிய விட என்ற மூஞ்சி ஒண்ணும் மோசமில்ல!"

"நீ அதையப் பாக்காத அம்மணி" என்றேன். "வரப்புல நிக்கறவ மாட்டப் பாக்க மாட்டா. ஊரு ஞாயம் பேசிக்கிட்டு வேற பக்கம் பாத்துட்டு நிப்பா. நீ பாத்தா அது அடி உழுகும்னு நெனைக்கும்."

"பாக்காம எப்பிடீங்கம்மா இருக்கறது? திங்குதா இல்லையான்னு தெரியோணுமல்ல!"

மறுபடியும் ஆட்டினாள், மறுபடியும் பார்த்தாள். மாடு வாயைத் திறக்கவில்லை. வாசலில் டெம்போ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. என் மகன். மாடு என்னைப் பார்க்கக்கூடாது என்று அறைச் சுவருக்குப் பின்னால் போய் நின்று, ஓரமாக எட்டிப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பாயின் குதிரை வேலியைத் தாண்டி வாழைக்கன்றுகளுக்குள் நுழைந்துவிட்டது. அவள் கையில் கயிற்றோடு அப்படியே திரும்பி, "ஏனுங்க பாய்! குதிரைய வளத்துனீங்களா, திருடன வளத்துனீங்களா? வாழைக்கு வந்த கேடப் பாருங்க! கோட்டமேட்டுல இதைத்தான் பழக்குனீங்களா?" என்று ஆரம்பித்தாள். கை ஆடியது. கயிறும் ஆடியது. அவள் பேச்சு தீரவில்லை. பாயும் விடவில்லை.

"எங்கிட்டச் சொல்லாதீங்கம்மணி, அது என்னத் தெரியாதுங்குது. உங்க தோப்புக் குதிரை, நீங்களே கேட்டுக்கோங்க!"

நான் சுவருக்குப் பின்னால் சுண்ணாம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் இரண்டு பேரின் சத்தத்துக்கும் அடியில் அந்தச் சரக் சரக் கேட்டது.

மகன் என் பக்கத்தில் வந்து நின்றான். "திங்குதுங்களா?"

"நீயே கேளு" என்றேன்.

கேட்டான். போய் டெம்போவைத் திருப்பி நிறுத்தினான்.

நான் மாட்டிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை. போனால் மறுபடியும் தலையைத் தூக்கும். அறைக்குப் போய்ப் பையை எடுத்தேன். கனமே இல்லை. பாய் வாசலில் நின்று, "நம்ம ரெண்டு பேரையும் மறந்தாச்சுங்க்கா. இனி நாம ஊரப் பாத்துப் போலாமுங்க" என்றார். அவர் நீட்டின வர்க்கியை இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன்.

பொள்ளாச்சி வந்தது. சந்தைக்குப் போகிற மாடுகள் ரோட்டோரம் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினான். அப்புறம் கேட்டான்.

"கயிறு எங்கீங்ம்மா?"

"அங்கயே குடுத்துப்போட்டேன்."

"பரவால்லீங்க" என்றான். அவன் எப்போதும் நல்லவன்தான். இடம்தான் இல்லை அவனிடம்.

இப்போது சாளை இருந்த இடத்தில் நாலு தறி ஓடுகிறது. ஒரு நாளும் நிற்கவில்லை, நின்றால் தேவலை என்கிற மாதிரிச் சத்தம். மத்தியானத்தில் கண்ணயர முடிவதில்லை.

போன மாசம் மில்லுக்காரர் ஒரு கார்டு போட்டிருந்தார். மாடு நன்றாக இருக்கிறதாம். ஒரு மாசமாகக் கயிறு இல்லாமலே மேய்கிறதாம். பகலில் குதிரையோடு சுற்றுகிறதாம், வாழைப் பக்கம் மட்டும் போவதில்லையாம். பேத்தி அதைப் படித்துக் காட்டியதும் எனக்கு நிறைவாக இருந்தது. கயிற்றை அவிழ்த்து ஆபீசில் மாட்டி வைத்திருக்கிறார்களாம். உங்கள் வீட்டு வழக்கத்தை எங்கள் பெண் சொன்னாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

அதற்குப் பதில் எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன். எடுத்த இடத்தில் இவ்வளவு வந்துவிட்டது. பதில் இதுதான். கயிறு இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும். என்றைக்காவது மாடு மேயாமல் நின்றால் உங்களுக்கு வேண்டியிருக்கும். மாடு போன பிறகு அனுப்பிவையுங்கள். அதற்குள் நான் போய்விட்டால் மருமகளிடம் கொடுத்தால் போதும். ஆணி அங்கேயேதான் இருக்கிறது. மாட்டின் பேரைச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன், அதையும் யார் மூலமாவது அனுப்புகிறேன்.

பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள்.

"கண்ணு, மூஞ்சி கழுவிப்போட்டு இங்க வா. தறிச் சத்தத்துல கேக்காது, கதவைச் சாத்திக்க. ஆத்தா என்ன எழுதியிருக்கறேன்னு மொதல்ல இருந்து படி. மெதுவாப் படி. கயித்த ஒரு மத்தியானம் எடுக்காம கெடந்தேன்னு ஒரு எடம் வரும், அதைய உடாமப் படிக்கோணும்."